எத்தனை கண்கள் போதும்?

'போதும்' என்னும் சொல்லை உணவு இலையின் முன் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். கடைத்தெருவில் அச்சொல் நம் நாவில் எழுவதில்லை. வயிற்றுக்கு இயல்பாகவே ஓர் எல்லை உண்டு. விருப்பத்திற்கு எல்லையை நாமேதான் இட வேண்டியிருக்கிறது. அதனை எங்கே இடுவது, எந்த அளவுகோலால் இடுவது என்பது பழைய வினா. அவ்வினாவை இங்கே ஒரு சிறு பொருளை வைத்து எண்ணிப் பார்க்க விழைகிறோம். அப்பொருள் கேமராவின் கண்ணாகிய லென்ஸ்.

அற்பப் பொருள் என்று ஒதுக்கிவிட வேண்டாம். சேமித்த பணத்தில் கேமரா வாங்கிய இளைஞர், ஆறு திங்களுக்குள் இன்னொரு லென்ஸ் வேண்டும் என்கிறார், அதன்பின் மற்றொன்று. நல்ல லென்ஸ் ஒன்றின் விலை, நடுத்தரக் குடும்பத்தின் ஒரு மாதச் செலவை எட்டிவிடுகிறது. "இது இல்லாமல் படம் எடுக்க முடியாதா?" என்று தந்தை கேட்கிறார். "உங்களுக்குப் புரியாது வாப்பா" என்று மகன் விடையளிக்கிறார். இருவரும் சேர்ந்து கேட்க வேண்டிய வினா வேறு: நன்றாகக் காண்பதற்கு எத்தனை கண்கள் வேண்டும்?

லென்ஸ்களில் இருவகை உண்டு. ஜூம் லென்ஸ், நாம் நின்ற இடத்தில் நின்றபடியே தொலைவிலுள்ளதைப் பெரிதாக்கித் தரும். பிரைம் லென்ஸுக்குக் குவியத் தொலைவு ஒன்றுதான். காட்சி பெரிதாக வேண்டுமானால் நாம்தான் நடந்து செல்ல வேண்டும். இக்குறைக்கு ஈடாக அது ஒளியை மிகுதியாகத் தருகிறது. கேமராவுடன் சேர்த்து விற்கப்படும் சாதாரண ஜூம் லென்ஸ், அதன் நெடிய முனையில் பெரும்பாலும் எஃப் 5.6 அளவே திறக்கும். எஃப் 1.8 வரை திறக்கும் மலிவான 50 மில்லிமீட்டர் பிரைம் லென்ஸோ, அதனினும் ஒன்பது மடங்குக்கு மேற்பட்ட ஒளியை உள்ளே விடும். மாலை மயங்கிய வேளையில், ஒற்றை விளக்கெரியும் கூடத்தில், இவ்வேறுபாடு படத்திற்கும் இருளுக்கும் இடையேயான வேறுபாடாகிவிடும்.

கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுச் சென்று பொருளைத் தொடுவதால் காண்கிறோம் என்று பழங்கால அறிஞர் பலர் நம்பினர். பதினோராம் நூற்றாண்டில் இப்னுல் ஹைதம் தம் 'கிதாபுல் மனாழிர்' நூலில் இதனை மறுத்து, பொருளிலிருந்து வரும் ஒளியைக் கண் ஏற்பதாலேயே காட்சி உண்டாகிறது என்று நிறுவினார். காண்பது ஒரு வேட்டையன்று, ஒரு பெறுதல். கருவியைப் பெருக்குவதால் காட்சி பெருகும் என்று எண்ணுவோர் இவ்வுண்மையை மறந்துவிடுகின்றனர்.

இன்னோர் உண்மையும் இங்கே எண்ணத்தக்கது. ஒரு முகத்தை ஓரடித் தொலைவில் நின்று படமெடுத்தால் மூக்குப் பெருத்துக் காது சிறுத்துத் தோன்றும். அது லென்ஸின் குற்றம் என்றே பலரும் கருதுகின்றனர். உண்மையில் அது நாம் நின்ற தொலைவின் விளைவு. முன்னுள்ளதும் பின்னுள்ளதும் ஒன்றுக்கொன்று எவ்வளவு பெரிதாகத் தோன்றும் என்பதை நிற்குமிடமே முடிவு செய்கிறது. அதில் எவ்வளவு பகுதி படத்துள் அடங்கும் என்பதையே குவியத் தொலைவு முடிவு செய்கிறது. ஆகவே, எங்கே நிற்பது என்பதே முதல் வினா. எதைக் கொண்டு எடுப்பது என்பது அடுத்த வினா. மனிதரோடு மனிதர் கொள்ளும் உறவிலும் இவ்வொழுங்கு பொருந்துமன்றோ?

நமக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் எம் குடும்பத்துத் திருமணம் ஒன்றில், நெடிய ஜூம் லென்ஸோடு பந்தலின் மூலையில் நின்றுகொண்டு எல்லோரையும் படமெடுத்தோம். எவரையும் அணுக வேண்டிய தேவை இருக்கவில்லை. மறு ஆண்டு எம் உம்மா மறைந்தார்கள். படங்களைத் தேடியபோது, அவர்கள் பலவற்றில் இருந்தார்கள். ஒன்றிலும் எம்மைப் பார்க்கவில்லை. அன்றிரவு உறவினர் ஒருவரின் 50 மில்லிமீட்டர் லென்ஸை வாங்கி எடுத்த படம் ஒன்றே வேறாயிருந்தது. அதற்காக நாம் உம்மாவின் முழங்காலருகே சென்று அமர வேண்டியிருந்தது. "சாப்பிட்டியா வாப்பா?" என்று அவர்கள் கேட்ட நொடி அதில் பதிந்திருக்கிறது. படம் சற்றுக் கலங்கியிருக்கிறது. எனினும் எம் வீட்டில் இருப்பது அதுவே. மற்றப் படங்களுக்காக நாம் மிச்சப்படுத்திய பத்தடி நடை, எவ்வளவு பெரிய செலவு என்பதை அன்று உணர்ந்தோம்.

குறைந்த கருவியால் நிறைந்த பணி செய்தோர் உண்டு. ஃபிரான்ஸ் நாட்டு ஹென்றி கார்த்தியே-பிரெசோன், தம் பணியில் பெரும்பகுதியை லைக்கா கேமராவும் 50 மில்லிமீட்டர் லென்ஸும் கொண்டே செய்தார். 1948 ஜனவரி 30 அன்று, காந்தியடிகள் சுடப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பு அவரைச் சந்தித்துப் படமெடுத்தவரும் அவரே. ஜப்பானியத் திரைப்பட இயக்குநர் யசுஜிரோ ஓஸுவும் தம் பிற்காலப் படங்களை ஏறத்தாழ முழுவதும் 50 மில்லிமீட்டர் லென்ஸாலேயே எடுத்தார். வறுமை அவர்களை அவ்வாறு செய்விக்கவில்லை. ஒன்றைத் தேர்ந்து அதில் நிலைத்ததால், கருவியைப் பற்றிய எண்ணம் நீங்கி, எதிரிலுள்ள மனிதரைப் பற்றிய எண்ணம் எஞ்சியது.

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும். வாங்க வழியில்லாதவன் தன் இல்லாமைக்கு அறம் என்று பெயர் சூட்டிக்கொள்கிறான் என்பர் சிலர். இம்மறுப்பில் உண்மை இல்லாமலில்லை. பறவைகளைப் படமெடுப்பவர் அவற்றின் அருகே செல்ல இயலாது. திருமணப் படமெடுத்துப் பிழைப்பவர் நொடிக்கு நொடி லென்ஸை மாற்றிக்கொண்டிருக்கவும் இயலாது. அவர்களுக்கு ஜூம் லென்ஸ் பிழைப்பின் கருவி. எனவே எண்ணிக்கையின் சிறுமையே அறமாகிவிடாது. ஒரு பொருள் நம்மைக் காட்சிக்கு அருகே கொண்டு செல்கிறதா, அல்லது கடையின் அருகிலேயே நிறுத்திவைக்கிறதா என்பதே அளவுகோல்.

இவ்வளவுகோலைக் கையாள வழி உண்டு. முதலில் எதையும் வாங்காமல், கையிலுள்ள ஜூம் லென்ஸால் எடுத்த படங்களில் மனத்துக்கு நிறைவான நூற்றைத் தேர்க. எந்தக் குவியத் தொலைவில் எடுத்தோம் என்பதை இன்றைய கேமரா படத்தோடு பதிந்து வைக்கிறது. நம் கண் எதனை நாடுகிறது என்பதை அதுவே சொல்லிவிடும். 36க்கு 24 மில்லிமீட்டர் அளவுள்ள முழு உணரி கொண்ட கேமராவாயின், வீட்டுக்கும் தெருவுக்கும் ஒரு 35, முகங்களுக்கு ஒரு 85 என இரண்டு போதும். ஒன்றுதான் இயலுமெனில் 50. சிறிய உணரியாயின் ஏறத்தாழ ஒன்றரையால் பெருக்கிக் கணக்கிட வேண்டும். அங்கே 35, 50-இன் பணியைச் செய்யும். 50, முகங்களுக்கு உதவும். எஃப் 1.8-ஐ விட்டு எஃப் 1.4-ஐ நாடினால் ஒளி ஒன்றரை மடங்கைச் சற்றே தாண்டும். விலையோ பல வேளைகளில் இரு மடங்கையும் தாண்டிவிடும். ஒன்று வாங்கியபின் ஓராண்டு பொறுத்து, குறை உண்மையாகவே தோன்றினால் அடுத்ததை எண்ணலாம்.

பழைய லென்ஸ் வாங்குவோர் டார்ச் விளக்கை அதனுள் செலுத்திப் பார்க்க வேண்டும். கடலோர ஊர்களின் ஈரக்காற்றில், இருண்ட அலமாரியில் நெடுநாள் கிடக்கும் லென்ஸினுள் சிலந்தி வலை போலப் பூஞ்சை படரும். முற்றினால் கண்ணாடியின் மேற்பூச்சையே அரித்துவிடும். நாள்தோறும் வெளிச்சத்தில் புழங்கும் லென்ஸுக்கு இந்நோய் எளிதில் வருவதில்லை. ஆறு லென்ஸ் வைத்திருப்பவரின் அலமாரியில் எப்போதும் நான்கேனும் இருட்டில் உறங்குகின்றன.

ஆகவே அந்தத் தந்தைக்கும் மகனுக்கும் நாம் சொல்லக்கூடியது இதுதான்: ஒன்றை வாங்குங்கள், இயன்றால் இரண்டு. மிஞ்சும் பணம் வீட்டுக்கு உதவட்டும். பிறகு, வீட்டில் மூத்தவர் எவரேனும் இருந்தால், லென்ஸை மாற்றாமல் எழுந்து நடந்து, அவர் அருகே சென்று அமருங்கள். படம் எடுப்பதற்கு முன் அவர் ஏதேனும் கேட்பார். அதற்கு விடை சொல்லுங்கள்.