பிறப்புரிமையும் பயிற்சியும்

கோல சிலாங்கூரை அடுத்த கம்போங் குவாந்தானில், ஆற்றங்கரையோரமாகப் பெரெம்பாங் மரங்கள் அடர்ந்து நிற்கின்றன. இரவில் அம்மரங்களில் மின்மினிகள் ஒருங்கே ஒளிர்ந்து ஒருங்கே அணைகின்றன. ஒளி ஒவ்வொரு பூச்சிக்கும் பிறப்பிலேயே வாய்த்தது. ஒத்திசைவோ, அண்டையில் உள்ளதன் ஒளியைக் கண்டு தன் துடிப்பைத் திருத்திக்கொள்வதால் விளைவது.

மாந்தரின் மரபும் இத்தகையதுதானா? ஓரினத்திற் பிறந்தமை ஒன்றே அவ்வினத்தின் மொழிக்கும் கலைக்கும் ஒருவரை உரியவராக்குமா? வடசிலாங்கூர்த் தோட்டங்களில் தலைமுறைகளாக வாழ்ந்து, பின்னர் நகர்களுக்குப் பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இவ்வினா ஏட்டளவினதன்று. 'தமிழர் என்னும் பெயரே போதும்' என்பார் ஒருசாரார். 'இழந்தது இழந்ததே, இனிக் கற்று என் பயன்?' என்பார் மற்றொரு சாரார். இருசாராருக்கும் விடையாக அமைகின்றது அமெரிக்க இசையமைப்பாளர் ஆலன் ஹோவானஸின் வாழ்வு.

அவர் 1911ஆம் ஆண்டு மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சோமர்வில் நகரில் பிறந்தார். தந்தையார் ஆர்மீனியர்; தாயார் ஸ்காட்லாந்து வழியினர். சக்மக்ஜியான் என்பதே அவர்தம் குடும்பப் பெயர். தாயார் 1930இல் மறைந்தபின், தந்தைவழிப் பாட்டனாரின் நினைவாக அவர் புதுப்பெயர் பூண்டார். பெயரை மாற்றுதல் எளிது. பெயருக்கு உரியவராதல் அரிது. 1940இல் வாட்டர்டவுன் நகரத்து ஆர்மீனியத் தேவாலயம் ஒன்றில் ஆர்கன் வாசிப்பவராகப் பணியேற்றார். முன்னோரின் வழிபாட்டிசையைச் செவிமடுக்கும் வாய்ப்பை அப்பணி அவருக்கு நல்கிற்று.

1942இல் டாங்கிள்வுட் இசைப் பயிலரங்கிற்குச் சென்றார். ஆங்கே அவர்தம் இசை ஏளனத்திற்கு ஆளாயிற்று. ஏளனம் பலரை ஊமையராக்கும். சிலரை வன்மம் கொள்ளச் செய்யும். அவரோ தம் முந்தைய படைப்புகள் பலவற்றைத் தாமே அழித்தார்; ஆர்மீனிய இசையை ஆழ்ந்து பயிலலானார். 1944இல் அவர் இயற்றிய 'லூசாட்சாக்' என்னும் படைப்பில், பியானோ பழைய கீழைநாட்டு நரம்புக் கருவிகளைப் போல ஒலிக்கின்றது. 'ஒளியின் வருகை' என்பது அப்பெயரின் பொருள்.

தம் மரபைக் கற்றவர் பிறர் மரபையும் மதிக்கக் கற்றார். 1959இல், நாற்பத்தெட்டாம் அகவையில், புல்பிரைட் உதவித்தொகை பெற்றுச் சென்னைக்கு வந்தார். வீணை பயின்றார், முந்நூற்றுக்கும் மேற்பட்ட இராகங்களைத் திரட்டினார். நாகூர் தர்காவைக் கண்டு வந்த உணர்வில் 'நாகூரான்' என்னும் படைப்பை யாத்தார். தென்னிந்திய இசைக்கருவிகளுக்கென்றே இயற்றப்பட்ட அப்படைப்பு, 1960ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள் சென்னை வானொலியில் ஒலித்தது. பினாங்கு சூலியா தெருவிலும் நாகூர் ஆண்டவர் பெயரால் தர்கா எழுப்பிய மலேசியத் தமிழ் முஸ்லிம்களின் மரபை நினைவுகூர்வோர்க்கு இச்செய்தி நெருக்கமானதாகும். இராகங்களைப் பற்றி அவர் எழுதக் கருதிய நூல் நிறைவுறவில்லை. ஓராண்டுக் கல்வியால் ஒரு மரபின் கரைகாண்டல் யார்க்கும் அரிது.

வேற்றினத்தார் ஒருவரைச் சுட்டித் தமிழ்ப் பிள்ளைகளை நாணச் செய்தல் இங்கு நோக்கமன்று. பசித்த குடும்பத்துப் பிள்ளையிடம் பண்பாட்டை மட்டும் எடுத்தோதுதல் அறமும் ஆகாது. கற்பதற்குரிய வாய்ப்பையும் அமைதியையும் ஆக்கித் தருதல் மூத்தோர் கடன். அக்கடனை ஆற்றாத சமுதாயத்திற்குப் 'பிள்ளைகள் மரபை மறந்தனர்' என்று குறைகூறும் உரிமை ஏது?

எனினும், வாய்ப்பு அமைந்த பின்னரும் பயிலாதவர்க்குப் பிறப்பு ஒன்றே துணைநில்லாது. அறுபத்தேழு சிம்பொனிகளை எழுதிய ஹோவானஸ் 2000ஆம் ஆண்டில் மறைந்தார். அவர்தம் பாட்டனார் அவருக்குத் தந்தது பெயரை மட்டுமே. இசையை அவர் தேடிப் பெற்றார்.

தனித்து ஒளிரும் மின்மினியிடமும் ஒளி உண்டு. ஆற்றங்கரை மரம் முழுவதும் ஒரே துடிப்பாய் ஒளிர்வதற்கோ, ஒன்று மற்றொன்றை உற்றுநோக்கல் வேண்டும். அந்த நோக்கலுக்கே கல்வி என்று பெயர்.