அறுத்தவர் யார்?



சென்ற ஷஅபான் மாதத்தில் ஒரு நாள், அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்திருந்தேன். எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த கல்லூரி மாணவர் ஒருவர் கையில் ஒரு பையோடு வந்து ஸலாம் கூறினார். பையினுள், புறவழிச் சாலையில் புதிதாகத் திறந்திருக்கும் பெரிய சூப்பர் மார்க்கெட்டில் வாங்கிய கோழிக்கறிப் பாக்கெட். கல்லைப் போல உறைந்திருந்தது.

"நன்னி இதை உங்ககிட்டே காட்டிட்டு வரச் சொன்னாங்க, ஹஜ்ரத்."

வாங்கிப் பார்த்தேன். எடை இருந்தது. விலை இருந்தது. பாக்கெட்டில் அடைத்த தேதி, எந்தத் தேதிவரை உண்ணலாம், எவ்வளவு குளிரில் வைக்க வேண்டும், உணவுப் பாதுகாப்பு உரிம எண் எல்லாம் அழகாக அச்சிடப்பட்டிருந்தன. குறை சொல்ல ஒன்றுமில்லை.

"நன்னி என்ன கேட்டார்கள்?"

"அறுத்தது யாருன்னு கேட்டாங்க. தெரியலைன்னு சொன்னேன். அப்ப தெரிஞ்சவங்ககிட்ட கேட்டுட்டு வா, அதுவரைக்கும் அடுப்பு பத்த வைக்க மாட்டேன்னுட்டாங்க."

அந்த நன்னிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எழுதப் படிக்கத் தெரிந்த நானும் அவர் பேரனும் அந்தப் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். அவர் கேட்ட கேள்விக்குரிய பதில் மட்டும் அதில் எங்கும் இல்லை.

அன்பர்களே! அரிசி வாங்குகிறோம், பருப்பு வாங்குகிறோம். விளைவித்தவர் யார், மூட்டை தூக்கியவர் யார் என்று விசாரிக்கும்படி மார்க்கம் நமக்குக் கட்டளையிடவில்லை. அவை அசலிலேயே ஆகுமானவை. விலக்கும் காரணம் ஒன்று தெரிய வந்தால்தான் விலக வேண்டும். இறைச்சியின் நிலை இதற்கு நேர் மாறானது. உயிருள்ள ஒரு பிராணியின் மீது கத்தி வைக்க நமக்குச் சொந்தமாக எந்த உரிமையும் கிடையாது. படைத்தவன் அனுமதித்தான், அவன் பெயரைச் சொல்லி அறுக்கிறோம். முறைப்படி அறுக்கப்பட்டது என்பது உறுதிப்பட்ட பிறகே அது நமக்கு உணவாகிறது. அல்லாஹ்வின் பெயர் கூறப்படாததை உண்ணலாகாது என்று அல்அன்ஆம் அத்தியாயத்தின் 121ஆம் வசனம் தடுத்திருப்பதை நாம் அறிவோம்.

கொடைக்குப் பெயர் பெற்ற ஹாத்திம் தாயின் மகனார் அதீ (ரலி) அவர்கள் வேட்டைப் பிரியர். பழக்கிய நாயைக் கொண்டு வேட்டையாடுவது குறித்து அவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் பல கேள்விகள் கேட்டிருக்கிறார்கள். அவற்றுள் ஒன்று: பிஸ்மில்லாஹ் கூறி என் நாயை ஏவுகிறேன். போய்ப் பார்த்தால் வேட்டைப் பிராணி இறந்து கிடக்கிறது. என் நாயுடன் வேறொரு நாயும் நிற்கிறது. எது கொன்றதென்று தெரியவில்லை. என்ன செய்வது? உண்ண வேண்டாம் என்று அண்ணலார் கூறிவிட்டார்கள். நீர் அல்லாஹ்வின் பெயர் கூறியது உம்முடைய நாய்க்கன்றோ, மற்றதற்கு இல்லையே என்று காரணமும் சொன்னார்கள். இது புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. தன் சொந்த நாய் பக்கத்திலேயே நிற்கும்போதே இந்தத் தீர்ப்பு! நம் கையிலிருக்கும் பாக்கெட்டின் பின்னால் நிற்பது யார், எத்தனை பேர்?

இதைக் கேட்டதும் சிலர் மறு கோடிக்கு ஓடிவிடுகிறார்கள். கண்ணில் பட்ட கறிக்கடைக்காரரையெல்லாம் நிறுத்தி, "பிஸ்மில்லாஹ் சொன்னீரா? சத்தியமாகச் சொன்னீரா?" என்று குறுக்கு விசாரணை செய்கிறார்கள். இதுவும் கூடாது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழி ஒன்று புகாரியில் இருக்கிறது. புதிதாக இஸ்லாத்தில் சேர்ந்த சிலர் எங்களுக்கு இறைச்சி கொண்டு வருகிறார்கள், பெயர் கூறி அறுத்தார்களா இல்லையா என்று தெரியவில்லையே என்று மக்கள் முறையிட்டபோது, நீங்கள் அல்லாஹ்வின் பெயர் கூறி உண்ணுங்கள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் பதிலளித்தார்கள். ஒரு முஸ்லிம் அறுத்தார் என்று தெரிந்துவிட்டால் அவரைப் பற்றி நல்லெண்ணம் கொள்வதே நம் கடமை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே இறைச்சி கொண்டு வந்தவர்கள் யார் என்பது மக்களுக்குத் தெரியும். நல்லெண்ணம் வைக்க ஓர் ஆள் இருந்தார். குளிர்பெட்டியின் மீது எப்படி நல்லெண்ணம் வைப்பது?

மத்ஹபு வேறுபாட்டை இங்கே சிலர் கிளப்புவார்கள். ஹனஃபி மத்ஹபில், வேண்டுமென்றே பிஸ்மில்லாஹ்வை விட்டால் அந்த அறுப்பு ஹராம். மறந்து விட்டிருந்தால் குற்றமில்லை. ஷாஃபிஈ மத்ஹபில் பிஸ்மில்லாஹ் கூறுவது சுன்னத். ஹனஃபியில் மூச்சுக்குழல், உணவுக்குழல், இரு பக்க இரத்தக் குழாய்கள் ஆகிய நான்கில் மூன்றாவது அறுபட வேண்டும். ஷாஃபிஈயில் மூச்சுக்குழலும் உணவுக்குழலும் முழுமையாக அறுபட வேண்டும். நம் கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈகளும் உள்நாட்டு ஊர்களில் ஹனஃபிகளும் மிகுதி என்பதால் சம்பந்தம் செய்த வீடுகளில் இந்தப் பேச்சு வருவதுண்டு. வரட்டும். ஆனால் அறுத்தவர் அறுப்பதற்குத் தகுதியுள்ளவரா என்ற கேள்வியில் இரு சாராருக்கும் வேற்றுமையே இல்லை. நன்னி கேட்டது அந்தக் கேள்வியைத்தான்.

பெரிய தொழிற்கூடங்கள் சிலவற்றில் கோழிகளைக் கால் மேலாகத் தொங்கவிட்டு வரிசையாக ஓடவிடுகிறார்கள். மின்சாரம் பாய்ந்த தண்ணீரில் தலையை நனைத்து மயங்கச் செய்து, சுழலும் தகட்டின் வழியே செலுத்துகிறார்கள். தகடு படுவதற்கு முன்பே ஒரு கோழி உயிரை விட்டிருந்தால் அது செத்த பிராணிதானே? காலையில் ஒருவர் பிஸ்மில்லாஹ் கூறி விசையைத் தட்டினால் அன்று முழுவதும் அறுபடும் கோழிகளுக்கெல்லாம் அது போதுமா என்று ஆலிம்கள் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். மவ்லானா தகீ உஸ்மானீ அவர்கள் அறுப்பின் சட்டங்களைப் பற்றித் தனி நூலே எழுதியிருக்கிறார்கள். எல்லாக் கூடங்களும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. முஸ்லிம்களை வைத்துக் கையாலேயே அறுத்து, நம்பத் தகுந்த உலமாக்களின் மேற்பார்வையில் அனுப்பும் இடங்களும் உண்டு. அவ்வாறு உறுதிப்பட்டால் உண்ணுங்கள், தடையில்லை. அல்லாஹ் ஆகுமாக்கியதை ஹராம் என்று சொல்வது ஹராமை உண்பதற்குக் குறைந்த பாவமல்ல.

இனி நம் தெருக்கோடிக் கறிக்கடைக்கு வருவோம்.

அங்கே எல்லாம் சரியாக இருக்கிறதென்று நினைத்துவிடாதீர்கள். "ஹலால்" என்று பச்சை எழுத்தில் பலகை தொங்கும். ஞாயிற்றுக்கிழமை காலை கூட்டம் முண்டும்போது, கடைக்காரர் கல்லாவில் காசு வாங்கிக் கொண்டிருப்பார். இறகு உரிக்க வைத்திருக்கும் பையன் கோழியை அறுத்துப் போடுவான். அவன் யார், கலிமா தெரிந்தவனா என்று ஒருவரும் கேட்பதில்லை. அறுத்த கோழி துடித்துக் கொண்டிருக்கும்போதே கொதிநீரில் முக்குகிறார்கள். ஒரு ஆட்டின் கண்ணெதிரே அடுத்த ஆட்டை அறுக்கிறார்கள், கத்தியைத் தீட்டுகிறார்கள். ஆட்டைக் கீழே கிடத்தி, காலால் மிதித்துக்கொண்டு, அது பார்த்திருக்கக் கத்தி தீட்டிய ஒருவரை, இதை இரண்டு முறை சாகடிக்கப் பார்க்கிறீரா என்ற பொருளில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். அறுத்தாலும் அழகிய முறையில் அறுக்க வேண்டும், கத்தியைக் கூராக்கிப் பிராணிக்கு இலகுவாக்க வேண்டும் என்பதை ஷத்தாத் இப்னு அவ்ஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பில் முஸ்லிமில் காண்கிறோம். கறிக்கடைச் சகோதரர்கள் இதைச் சுவரில் எழுதி வைக்கலாம்.

எடை விஷயம் வேறு. செம்மறியை வெள்ளாடு என்று விற்பது, கொழுப்பையும் சவ்வையும் அடியில் மறைத்து எடை போடுவது, தராசுத் தட்டில் ஈரத்தை வடியவிடாமல் வைப்பது... அளவையில் குறைப்போருக்கு வரும் கேட்டைச் சொல்வதற்கென்றே திருமறையில் 83ஆம் அத்தியாயம் இறங்கியிருக்கிறது. சூப்பர் மார்க்கெட்டுக்கு ஏன் போகிறீர்கள் என்று நான் சில வீடுகளில் கேட்டேன். ஈ மொய்க்கவில்லை, எடை சரியாக இருக்கிறது, பெண்கள் போய் நின்றால் மரியாதையாகக் கொடுக்கிறார்கள் என்றார்கள். இதற்கு நான் என்ன பதில் சொல்ல? கறிக்கடைக்காரர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். ஹலாலானதை மட்டுமல்ல, தூய்மையானதையும் சேர்த்தே உண்ணும்படி அல்பகரா 168ஆம் வசனம் சொல்கிறது. சாக்கடையோரம் கட்டித் தொங்கவிட்ட கறி அறுப்பினால் ஹலாலாக இருக்கலாம். தூய்மைக்கு என்ன செய்வது? சினை ஆட்டையும் மூன்று மாதம் நிறையாத குட்டியையும் அறுக்கலாகாது, கால்நடை மருத்துவர் பார்த்த பிறகே அறுக்க வேண்டும் என்று மத்திய அரசின் 2001ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. ஆட்டுத்தொட்டியில் அறுத்து முத்திரை குத்திய கறிதானா என்று கேட்டு வாங்குவதில் வெட்கமென்ன?

இத்தனை குறைகளைச் சொன்ன பிறகும் நான் கறிக்கடைக்கே போகச் சொல்வது ஏன் தெரியுமா? அங்கே குறை கண்ணுக்குத் தெரிகிறது. தெரிந்தால் தட்டிக் கேட்கலாம். "பாய், நீங்களே அறுங்கள், நான் காத்திருக்கிறேன்" என்று சொல்லலாம். கேட்கவில்லையென்றால் ஜமாஅத்தில் சொல்லலாம். ஃபஜ்ருக்குப் பின் மோதினார் போய் அறுத்துக் கொடுத்து, ஆட்டுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கி வரும் வழக்கம் பல ஊர்களில் இருந்தது. சில ஊர்களில் இன்றும் இருக்கிறது. முஸ்லிமல்லாத கடைக்காரர்கள்கூட நம் வீட்டுப் பற்று போய்விடக் கூடாதென்று மோதினாரை அழைத்துக் கொள்வார்கள். மோதினாரின் அந்தச் சிறு வருமானம் போனால் அவரும் போய்விடுவார். இதை நிர்வாகிகள் யோசித்தார்களா என்று தெரியவில்லை.

அது மட்டுமா? ரமலானில் நோன்புக் கஞ்சிக்கு எலும்பும் கொத்துக்கறியும் எங்கிருந்து வருகின்றன? தால்ச்சாவுக்கு எலும்பு போதவில்லை என்றால் யாரிடம் ஓடுகிறோம்? மாதக் கடைசியில் கடனுக்குக் கால் கிலோ வெட்டிக் கொடுப்பவர் யார்? குழம்பு வைத்தால் தண்ணீரைக் கொஞ்சம் கூட்டி அண்டை வீட்டாருக்கும் கொடுக்குமாறு அபூதர் (ரலி) அவர்களுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னார்கள். எலும்பில்லாமல் எண்ணி அடுக்கிய எட்டுத் துண்டில் எவ்வளவு தண்ணீரைக் கூட்டுவது!

எனக்குள்ள பெரிய கவலை இன்னொன்று. ஹஜ்ஜுப் பெருநாளன்று கறிக்கடைக்காரர் வீடு வீடாக ஓடுகிறார். பத்து மணிக்கு வருவதாகச் சொன்னவர் மூன்று மணிக்கு வருகிறார். குர்பானி கொடுப்பவர் தம் கையால் அறுப்பது சிறப்பு என்று அறிந்தும், வாலிபர்கள் கைப்பேசியோடு தள்ளி நிற்கிறார்கள். (அவருடைய கூலியைக் குர்பானிக் கறியிலிருந்தோ தோலிலிருந்தோ கொடுக்கக் கூடாது. அலீ (ரலி) அவர்களுக்கு அண்ணலார் இட்ட கட்டளை அது. இதைப் பலர் மறந்து விடுகிறார்கள்.) கடைகள் மூடிவிட்டால் இன்னும் முப்பது ஆண்டுகளில் அகீகாவுக்கு ஆடறுக்க யாரைக் கூப்பிடுவோம்? கஅபு இப்னு மாலிக் (ரலி) அவர்களின் ஆடுகளை மதீனாவின் ஸல்உ மலையருகே ஓர் அடிமைப் பெண் மேய்த்துக் கொண்டிருந்தார். ஒரு ஆடு சாகும் தறுவாயில் இருப்பதைக் கண்டார். கத்தியில்லை. கல்லொன்றை உடைத்து அதன் கூர்மையால் அறுத்துவிட்டார். விஷயம் நபியவர்களிடம் வந்தபோது அதை உண்ண அனுமதித்தார்கள். ஆடு மேய்த்த பெண்ணுக்குத் தெரிந்த கல்வி, பட்டம் பெற்ற நம் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை.

அந்த மாணவர் விஷயத்தைச் சொல்லி விடுகிறேன். "கடையில் போய் அறுத்தது யாரென்று கேளுங்கள். நம்பும்படியான பதில் கிடைத்தால் நன்னியைச் சமைக்கச் சொல்லுங்கள்" என்றேன். போனார். விற்பனைப் பெண்ணுக்குத் தெரியவில்லை. மேலாளரும், "வண்டியில் வருதுங்க" என்றதற்கு மேல் சொல்லவில்லை. உறைந்த பொருளைத் திரும்ப எடுத்துக் கொள்ளவும் இல்லை. இருநூற்றுச் சொச்சம் ரூபாய் நஷ்டம்.

மறுநாள் காலை அவர் எங்கள் தெருக் கறிக்கடைக்குப் போயிருக்கிறார். கடைக்காரர் ஏற இறங்கப் பார்த்து, "நன்னி சுகமா? உங்க வீட்டு ஆள் இந்தப் பக்கம் வந்து ரெண்டு வருஷமாச்சே" என்றாராம். அன்று கூட்டமில்லை. இவர் நடந்ததைச் சொல்லவும், அவர் சிரித்துவிட்டு, கோழியின் இறக்கைகளைச் சேர்த்துப் பிடித்துக் கிப்லாவின் பக்கம் திருப்பி, கத்தியை இவர் கையில் கொடுத்துவிட்டார். எங்கே வைப்பது, எவ்வளவு அழுத்துவது, துடிப்பு அடங்கும்வரை எப்படிக் காத்திருப்பது என்று சொல்லிக் கொடுத்தார். கை நடுங்கியதென்று பையன் என்னிடம் மறைக்காமல் சொன்னார்.

வீட்டில் நன்னி கறியை வாங்கிச் சட்டியில் போடுமுன் மீண்டும் அதே கேள்வியைக் கேட்டார்களாம்.

"நான்தான் நன்னி" என்றாராம் பேரன்.