ஒரே தாச்சி, மூன்று விரதம்

உணவைத் தூய்மையாக்குவது அதன் பொருளா, சமைத்த கையா, சமைத்த பாத்திரமா என்பது சமயங்கள் நெடுங்காலம் விவாதித்த கேள்வி. பல நாட்டுச் சமையல் ஒரே அடுப்பில் கலக்கும் உணவகம் அந்தக் கேள்வியை மேசைக்கே கொண்டுவந்துவிடுகிறது. இலங்கையின் மன்னார் மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளலாம். அங்கே கத்தோலிக்கர் அதிகம். இந்துக்களும் முஸ்லிம்களும் அவர்களோடு கலந்து வாழ்கிறார்கள். 'ஏசியன் ஃபியூஷன்' என்று பலகை தொங்காத சாதாரண ஹோட்டலிலும் சீனத்து ஃப்ரைட் ரைஸ், மலாய்க்காரரின் நாசி கோரெங், டெவில் இறால், கொத்து ரொட்டி எல்லாம் கிடைக்கும். இலங்கையில் கலப்பு முந்தியது, பெயர்தான் பிந்தியது.

முதலில் பொருள். இறால் போட்ட ஃப்ரைட் ரைஸ் ஒரு கோப்பை. வெள்ளிக்கிழமை விரதம் பிடிக்கும் சைவருக்கு அது மச்சம், தொடக்கூடாது. சுத்தபோசன நாளில் கத்தோலிக்கருக்கு இறைச்சிதான் விலக்கு. மீனும் இறாலும் ஆகும். கடலுயிரை அறுக்க வேண்டியதில்லை என்பதால் ஷாஃபி வழி முஸ்லிமுக்கும் தடையில்லை. ஹனஃபி அறிஞர்களிடையே இறால் மீனா அல்லவா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. இறாலுக்குப் பதில் கோழி வந்தால் கத்தோலிக்கர் கையை எடுத்துக்கொள்ள, முஸ்லிம் அது எப்படி அறுக்கப்பட்டது என்று கேட்பார்.

கண்ணுக்குத் தெரியாத பொருள்தான் இதைவிடச் சிக்கல். 'மரக்கறி' என்று எழுதியிருக்கும் ஃப்ரைட் ரைஸில் ஒரு கரண்டி ஒயிஸ்டர் சோஸ் விழுந்திருக்கலாம். சம்பலில் மாசிக் கருவாடு இடிபட்டிருக்கும். புளிக்கவைத்த சோயா சோஸில் துளியளவு மதுச்சத்து இயல்பாகவே உண்டாகிறது. முத்துச் சிப்பிக்குப் பேர்போன ஊரில், சைவக்காரர் கோப்பைக்குள் சிப்பி இப்படிப் போத்தலிலிருந்து வந்து சேர்கிறது.

அடுத்தது கை. உணவு தூய்மையானால் உள்ளம் தூய்மையாகும் என்பது சாந்தோக்கிய உபநிடதத்தின் கருத்து. அங்கே 'ஆகாரம்' என்பது புலன்கள் உள்வாங்கும் எல்லாமும் என்று சங்கரர் விரித்துப் பொருள் கொண்டார். இராமானுசர் வாய்வழிச் செல்லும் உணவாகவே கொண்டு, அதற்கு மூன்று குற்றங்களைச் சொன்னார்: பொருளின் இயல்பால் வருவது, கொடுப்பவரால் வருவது, மயிரோ தூசோ விழுந்து வருவது. இவற்றில் இரண்டாவதுதான் சாதிக்குக் கைகொடுத்தது. யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடைகளில் ஒடுக்கப்பட்டோருக்கு இருக்கையும் குவளையும் மறுக்கப்பட்டதிலும் இத்தகைய எண்ணமே இருந்தது. 1950களின் தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டமும், 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டமும் உணவகக் கதவை எல்லாருக்கும் திறக்கத் தொடங்கின. சமைத்தவர் யார் என்று இன்று எந்த மேசையிலும் வாய்விட்டுக் கேட்பதில்லை. கேட்டால் கேட்டவருக்குத்தான் வெட்கம்.

பாத்திரம் மட்டும் தீராமல் நிற்கிறது. கொத்துப் போடும் இரும்புக் கல்லில் இரண்டு தகடுகள் தாளத்தோடு இறங்குகின்றன. மாட்டிறைச்சி போன இடத்தில், ஒரு துடைப்புக்குப் பிறகு, மரக்கறிக் கொத்து விழுகிறது. பிறர் பாத்திரத்தைத் தவிர்க்க முடிந்தால் தவிர்த்து, முடியாவிட்டால் கழுவி உண்ணலாம் என்பது நபிமொழி காட்டும் வழி. சைவக் கடை பாத்திரத்தையே பிரித்து வைத்துப் பிரச்சினையை முடித்துக்கொண்டது. கத்தோலிக்கருக்குப் பாத்திரத்தில் சிக்கலே இல்லை. மனிதனுக்குள் போவது அவனைத் தீட்டுப்படுத்தாது என்ற போதனை மாற்கு நற்செய்தியில் இருக்கிறது.

ஆனால் கத்தோலிக்கருக்கும் ஒரு கடன் உண்டு. சிலைகளுக்குப் படைத்த இறைச்சியை உண்ணலாமா என்று கொரிந்து நகரத்தார் கேட்டபோது, அந்த இறைச்சியில் குற்றமில்லை, கூட இருப்பவரின் மனச்சாட்சி புண்படுமானால் உண்ணாமல் விடுவதே முறை என்றார் திருத்தூதர் பவுல். பொருள், கை, பாத்திரம் என்ற மூன்றில் எதிலும் அடங்காத நான்காவது இடத்துக்கு, பக்கத்து நாற்காலிக்கு, அவர் கேள்வியை நகர்த்திவிட்டார்.

உயிர் போகும் பசியில் விலக்கப்பட்டதையும் உண்ணலாம் என்று குர்ஆன் இடம் தருகிறது. உணவகத்துக்கு யாரும் அப்படிப் போவதில்லை. தாச்சியைக் கழுவினார்களா என்பதற்குப் பரிமாறுபவரின் சொல் ஒன்றே சான்று. அந்தச் சொல்லில் நம்பிக்கை வராத விரதக்காரர் ஒரு பிளேன்டீயோடு நிறுத்திக்கொள்கிறார். அதற்குத் தாச்சி தேவையில்லை.