மினுக்கிய சிப்பாய்களும் நனைந்த தானியமும்

ஒரு பொருளை மினுக்கிக் கொடுப்பது பொய்யாகுமா? இப்படிக் கேட்டால் சிரிப்பார்கள். பெருநாளைக்கு வீட்டுச் சுவருக்கு வர்ணம் பூசுகிறோம். சப்பாத்துக்குப் பொலிஷ் போடுகிறோம். கதவுக்கும் கட்டிலுக்கும் வார்னிஷ் அடிக்கிறோம். இதையெல்லாம் பொய்யென்று எந்த ஆலிமும் சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை. நானே ஹட்டன் நகரில் முப்பது வருடங்களாகப் பெயர்ப்பலகை எழுதியும் மரச்சாமான்களுக்கு வார்னிஷ் பூசியும் சீவிக்கிறவன். மினுக்கம்தான் எனக்குச் சோறு போடுகிறது. ஆனாலும் 2018 மார்ச் மாதத்தில் நாற்பத்தெட்டுப் பொம்மைச் சிப்பாய்கள் என் மேசைக்கு வந்த பிறகு, இந்தக் கேள்வியைச் சிரித்துக் கடந்துபோக முடியவில்லை.

கொண்டுவந்தவர் மலைநாட்டில் பழம்பொருள் வியாபாரம் செய்யும் ஒரு நானா. வாப்பாவின் காலத்திலிருந்தே பழக்கம். ஏப்ரல் சீஸனுக்கு நுவரெலியாவில் கூட்டம் சேருமுன் வேலை முடிய வேண்டும் என்றார். உலோகத்தில் வார்த்த சிப்பாய்கள், ஒவ்வொன்றும் 54 மில்லிமீற்றர் உயரம், சிவப்புக் கோட், வெள்ளைத் தொப்பி, தோளில் துவக்கு. வெளிநாட்டில் இப்போது செய்யப்படுபவைதான். மடிப்புக்கு மடிப்பு நிழல் வைத்து, சப்பாத்தில் சேறுகூடத் தெரியும்படி நுட்பமாகத் தீட்டியிருந்தார்கள். ஆனால் அத்தனையும் மெட் பினிஷ், மங்கல். "தம்பி, இதுகள் பளபளக்க வேண்டும். ஒன்றுக்கு 250 ரூபா தாறேன்" என்றார். ஏனென்று நான் கேட்கவில்லை. கதவு கொண்டு வருபவரிடமும் நாம் ஏனென்று கேட்பதில்லையே.

தொழில் தெரியாதவர்களுக்காகச் சற்றுச் சொல்ல வேண்டும். மங்கலும் மினுக்கமும் நிறத்தில் இல்லை, மேற்பரப்பில் இருக்கின்றன. மங்கலான வர்ணத்தின் மேற்புறம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் கரடுமுரடானது. விழுகிற வெளிச்சத்தை அது நாலாபக்கமும் சிதறவிடுகிறது. அதன்மேல் வார்னிஷ் பூசினால் அந்தக் குழிகள் நிரம்பி மேற்பரப்பு சமனாகிறது. வெளிச்சம் சிதறாமல் ஒரே பக்கமாகத் திரும்புகிறது. அதே சிவப்பு ஆழ்ந்த சிவப்பாகத் தெரிகிறது. வர்ணத்தை மாற்றாமலே பார்வையை மாற்றிவிடலாம். எங்கள் மலையில் இதற்கு ஒரே எதிரி ஈரம். மார்ச் மாதத்துப் பின்னேர மழையோடு மூடுபனி இறங்கும் வேளையில் லெக்கர் வகை வார்னிஷை அடித்தால், காயும்போது ஈரம் பிடித்துப் பால்போல வெளுத்துவிடும். ஆகவே சுபஹுக்குப் பின் வெயில் ஏறும்வரை காத்திருந்து, லுஹருக்குள் முடித்துக்கொள்வேன். அப்படி மூன்று நாட்களில் பன்னிரண்டு சிப்பாய்கள் முடிந்தன.

மூன்றாம் நாள் தங்கையின் மகன் வந்தான். ஏழு வயது. காயவைத்திருந்த வரிசையைக் கண்டதும் ஓடிப்போய்த் தன் பச்சைப் பிளாஸ்டிக் சிப்பாய்களை ஒரு பையில் அள்ளிக்கொண்டு வந்தான். "மாமா, இதையும் மினுக்கித் தாங்க." மினுக்கிக் கொடுத்தேன். ஜன்னலோரம் வைத்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

அன்று பின்னேரமே நானா வந்தார். கையில் ஒரு பழைய மரப்பெட்டி. டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டத்துப் பங்களாச் சாமான்களோடு வாங்கியதாம். அது உண்மையிலேயே பழைய பெட்டி. பன்னிரண்டு சிப்பாய்களையும் அதற்குள் அடுக்கிப் பார்த்துத் திருப்தியோடு தலையசைத்தார். அப்போதுதான் எனக்கு விளங்கியது.

லண்டனில் வில்லியம் பிரிட்டன் என்பாரின் குடும்பத்தார் 1893இல் உள்ளீடற்ற ஈயச் சிப்பாய்களை வார்க்கத் தொடங்கினார்கள். ஈயம் குறைவு, விலையும் குறைவு. 1966இல் ஈயத்தை விட்டுவிடும்வரை உலகமெங்கும் பிள்ளைகளின் கைகளுக்கு அவை போயின. பளபளக்கும் எனாமல்தான் அவற்றின் அடையாளம். மங்கலாக, நிஜ மனிதர் போலத் தீட்டும் வழக்கம் பெரியவர்களின் சேகரிப்புக்காகப் பின்னாளில் பெருகியது. இன்று இரண்டு விதமாகவும் செய்கிறார்கள். ஆனால் பளபளக்கும் சிப்பாயைக் கண்டால் பழையது என்று நினைப்பது பலருக்கும் பழக்கமாகிவிட்டது. பங்களாப் பெட்டிக்குள் பளபளக்கும் சிப்பாய் இருந்தால் கேட்கவே வேண்டாம். இங்கே துரைமாரும் சிப்பாய்களாக இருந்தவர்கள்தான். 1900இல் அமைக்கப்பட்ட சிலோன் பிளான்டர்ஸ் ரைபிள் படையிலிருந்து ஒரு பிரிவு தென்னாபிரிக்கப் போருக்குப் போனது. 1949இல் அந்தப் படை கலைக்கப்பட்டது. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையானபோது துரைமார் விட்டுப்போன சாமான்களைப் பற்றி ஊரில் எத்தனையோ கதைகள் உண்டு. வாங்குகிறவர் அந்தக் கதையைத் தாமே கட்டிக்கொள்வார்.

"பழசென்று சொல்லி விற்கவா நானா?" என்றேன்.

"அல்லாஹ் காப்பாத்தணும். நான் பொய் சொல்ல மாட்டேன் தம்பி. பெட்டியைத் திறந்து வைப்பேன். அவங்களே பார்ப்பாங்க, அவங்களே விலை கேட்பாங்க. நான் சிரிச்சிக்கிட்டு இருப்பேன். அவ்வளவுதான்."

அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

அன்றிரவு முதலில் தோன்றியது, மினுக்கமே குற்றவாளி என்பது. யோசிக்க யோசிக்க அது சரியாகப்படவில்லை. போர்வீரனின் உடை மினுங்குவதில்லை. முப்பது வருடப் போரை 2009வரை கண்ட நாடு இது. சோதனைச் சாவடிகளில் நின்ற இளைஞர்களின் உடை வியர்வையிலும் புழுதியிலும் மங்கிக் கிடந்ததைப் பார்த்தவர்கள் நாம். மங்கலாகத் தீட்டிய பொம்மை, "நான் அந்த மனிதன்தான்" என்று நம்மை நம்பவைக்கப் பார்க்கிறது. பளபளக்கும் பொம்மையோ, "நான் பொம்மை" என்று ஒப்புக்கொண்டு நிற்கிறது. அப்படிப் பார்த்தால் மினுக்கம்தான் உண்மைக்குக் கிட்ட நிற்கிறது.

இங்கே ஆயிஷா நாயகி (ரழி) அவர்களின் விளையாட்டுப் பொருட்கள் நினைவுக்கு வருகின்றன. அவற்றுள் துணித்துண்டால் சிறகு வைத்த ஒரு குதிரை இருந்ததையும், குதிரைக்குச் சிறகா என்று நபி (ஸல்) அவர்கள் வினவியதையும், சுலைமான் நபியின் குதிரைகளுக்குச் சிறகுகள் இருந்தனவே என்று அவர் பதிலளித்ததையும், அண்ணலார் சிரித்ததையும் அபூதாவூதின் தொகுப்பில் காண்கிறோம். உருவங்கள் விஷயத்தில் நம் மார்க்க அறிஞர்கள் எவ்வளவு கண்டிப்பானவர்கள் என்பதை அறிவோம். அந்தக் கண்டிப்புக்கு நடுவிலும் பிள்ளைகளின் பொம்மைக்கு அவர்களில் பெரும்பாலோர் இடம் வைத்தார்கள். பெரியவர்கள் கண்ணாடி அலுமாரியில் வரிசையாக வைக்கும் உருவங்களுக்கு அந்தச் சலுகை நீளுமா என்பது வேறு விவாதம். எனக்குப் பட்டது இதுதான்: சிறகு வைத்த துணிக்குதிரை யாரையும் ஏமாற்றுவதில்லை. என் மருமகனின் மினுங்கும் சிப்பாயும் அப்படித்தான்.

அதே டின் வார்னிஷ், அதே தூரிகை, அதே கை. ஒன்று பிள்ளையின் சந்தோஷம், மற்றது ஏமாற்று. வித்தியாசம் எங்கே வந்தது?

நிய்யத்தில் என்று உடனே சொல்லிவிடலாம். ஆனால் பன்னிரண்டு சிப்பாய்களைப் பூசும்போது என் நிய்யத்தில் எந்தக் கெடுதியும் இல்லை. அப்படியிருந்தும் வாங்கப்போகிறவர் ஏமாறத்தான் போகிறார். ஆகவே கேள்வியை வேறு பக்கமிருந்து கேட்க வேண்டும். இந்த மினுக்கம் யாருடைய கண்ணுக்கு முன்னால் வைக்கப்படுகிறது? அந்த மனிதருக்கு எதை அறியும் உரிமை இருக்கிறது?

மதீனாக் கடைத்தெருவில் தானியக் குவியல் ஒன்றினுள் நபி (ஸல்) அவர்கள் கையை நுழைத்தபோது விரலில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. அவர் தண்ணீர் ஊற்றவில்லை, பொய்யும் சொல்லவில்லை. மழை பெய்தது உண்மை. அவர் செய்ததெல்லாம் காய்ந்ததை மேலே வைத்ததுதான். ஈரமானதை ஜனங்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டுவிட்டு, ஏமாற்றுகிறவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்ற கடுமையான தீர்ப்பையும் அண்ணலார் சொன்னார்கள் என்கிறது சஹீஹ் முஸ்லிம். பாலைக் கறக்காமல் மடியைப் பெருக்கவைத்து ஆட்டை விற்பதும் இப்படித்தான். விற்பவர் வாய் திறக்கவே இல்லை, மடிதான் பேசியது. ஆனாலும் வாங்கியவர் திருப்பிக் கொடுக்கலாம் என்பது தீர்ப்பு. நானாவின் சிரிப்பும் பங்களாப் பெட்டியும் அந்த மடியைப் போலத்தான் பேசுகின்றன.

நரைக்குக் கறுப்புச் சாயம் பூசும் சட்டமும் இதே இடத்துக்குத்தான் என்னைக் கொண்டுவந்தது. நமது ஷாபிஈ நூல்கள் கறுப்புச் சாயத்தைத் தடுக்கின்றன. போர்க்களத்தில் எதிரிக்கு முன் நிற்பவனுக்கு மட்டும் விலக்களிக்கின்றன. சாயம் ஒன்றே. யார் முன்னால் என்பதில்தான் சட்டம் மாறுகிறது. எதிரிக்கு என் வயதை அறியும் உரிமை இல்லை. பெண் கொடுக்க வருபவருக்கு உண்டு, காசு கொடுக்க வருபவருக்கும் உண்டு.

தேயிலைக்கு நடுவில் வாழும் நமக்கு இது புதிதாகவும் இருக்கக்கூடாது. ஸ்டோரில் நல்ல தேயிலைக்கு ஓர் இயற்கையான மினுக்கம் உண்டு. தரம்பிரிக்கும்போது அளவுக்குமேல் சலித்தால் தூளோடு தூள் உரசி அது போய்விடும், தூள் சாம்பல் நிறமாகிவிடும். அந்த மினுக்கம், கவனமாக வேலை செய்தார்கள் என்பதற்குச் சாட்சி. ஆனால் சீனாவில் ஏற்றுமதிக்கான பச்சைத் தேயிலைக்கு நீலச்சாயமும் ஜிப்சமும் பூசி நிறமேற்றியதை ரொபர்ட் போர்ச்சூன் என்பவர் 1840களின் பிற்பகுதியில் நேரில் கண்டு எழுதினார். அதுவும் கண்ணுக்கு அழகாகத்தான் இருந்திருக்கும். ஒன்று தேயிலையைப் பற்றிச் சொல்கிறது. மற்றது தேயிலையைப் பற்றித் தெரியவிடாமல் செய்கிறது.

அடுத்த நாள் பள்ளிவாசலில் மௌலவியிடம் கேட்டேன். நான் விற்கவில்லையே, கூலிக்குப் பூசுகிறவன்தானே என்றேன். மது வடிக்கிறவனுக்குத் திராட்சை விற்பதுபற்றி நம் இமாம்கள் பேசியதை எடுத்துச் சொன்னார். திராட்சை ஹலால், வியாபாரம் ஹலால். அவன் மது வடிப்பான் என்று சந்தேகமிருந்தால் வெறுக்கத்தக்கது. நிச்சயமாகத் தெரிந்தால் கூடாது. "நேற்றுவரை உங்களுக்குத் தெரியாது. இன்றைக்குத் தெரியும்" என்றார். அதற்கு மேல் அவர் பேசவில்லை.

நானாவிடம் ஒரு வழி சொன்னேன். மிச்சம் முப்பத்தாறையும் பூசித் தருகிறேன், ஒவ்வொன்றின் அடிப்பாகத்திலும் சின்னதாக எழுதிவிடுகிறேன்: புதிய வார்ப்பு, மினுக்கியது 2018. அழகுக்காக வாங்குகிறவர் அப்போதும் வாங்குவார். அவர் சற்று யோசித்துவிட்டு முகம் மலர்ந்தார். "எழுதுங்க தம்பி. தமிழில எழுதுங்க."

அந்தக் கணத்தில் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. தமிழில் எழுதினால் நான் தப்பித்துக்கொள்ளலாம். வாங்க வரும் வெள்ளைக்காரருக்கு அது வெறும் கிறுக்கல். இன்னும் பழசாகத் தெரியவும் கூடும்! மறைக்காமல் சொன்னேன் என்று எனக்கும் ஆறுதல், அவருக்கும் இலாபம். கேட்பவருக்கு விளங்காத மொழியில் சொல்லும் உண்மை சொன்னதாகாது. "ஆங்கிலத்தில்தான் எழுதுவேன் நானா" என்றேன்.

அவர் கோபிக்கவில்லை. முடிந்த பன்னிரண்டுக்கும் 3,000 ரூபாவை எண்ணி மேசையில் வைத்தார். மிச்சத்தைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டார். அந்த மாதம் வேறு பெரிய வேலை இருக்கவில்லை. 9,000 ரூபா என் வீட்டுக்குச் சின்னத் தொகையுமல்ல. மறுபடியும் நாங்கள் சலாம் சொல்லிக்கொள்கிறோம். அவர் வேலை மட்டும் கொண்டு வருவதில்லை.

இதை நான் ஒரு வெற்றிக் கதையாக எழுதவில்லை. அந்தப் பன்னிரண்டையும் திரும்பக் கேட்டு வார்னிஷை அகற்றித் தருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். முப்பத்தாறைப் பற்றி மட்டும் பேசினேன். முடிந்துபோன வேலை என் கையை விட்டுப் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன். எங்கோ ஒரு நாட்டில், ஒருவரின் கண்ணாடி அலுமாரியில், என் தூரிகை பட்ட சிப்பாய்கள் பழைய துரையின் பிள்ளை விளையாடியவை என்ற பெருமையோடு நிற்கக்கூடும். விற்றவர் பொய் சொல்லவில்லை, பூசியவருக்குத் தெரியாது. ஆனாலும் அந்த அலுமாரியில் ஒரு பொய் நிற்கிறது. அதில் என் பங்கு எவ்வளவு என்பதை நான் அளந்து முடிக்கவில்லை.

இப்போது பழைய சாமான் எதற்குப் பூசினாலும் அடியில் வருடத்தை எழுதிவிடுகிறேன், வாங்கப்போகிறவருக்கு விளங்கும் மொழியில். வேண்டாம் என்று எடுத்துப்போனவர்களும் உண்டு. மருமகனின் பச்சைச் சிப்பாய்களுக்கு மட்டும் எதுவும் எழுதவில்லை. அவன் அவற்றை யாருக்கும் விற்கப்போவதில்லை.