ஒப்பிடுவதற்காக விடப்பட்டவர்கள்

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களில் தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் அமர்ந்து உரையாடும். வெற்றிலையோடு புகையிலையும் சேர்த்து மெல்லும் பழக்கம் இரு மொழியினருக்கும் பொது. அது வாய்ப்புற்றுநோயாக முற்றும்போது திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தை நாடிச் செல்வோர் பலர்.

அம்மையம் 1996-இல் இதே மாவட்டத்தில் ஓர் ஆய்வைத் தொடங்கியது. பயிற்சி பெற்ற நலப்பணியாளர்கள் வாயைக் கண்ணால் பார்த்துச் சோதித்தால் மரணங்கள் குறையுமா என்பதே கேள்வி. 35 வயதும் அதற்கு மேலும் ஆன 1,91,873 பேர், 13 தொகுதிகள். எவருடைய விருப்பத்திற்கும் இடமின்றித் தற்செயல் முறையில் 7 தொகுதிகள் சோதனைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டன. மற்ற 6 தொகுதிகளுக்கு வழக்கமான மருத்துவ வசதி மட்டுமே.

இங்கே நம் மனம் துணுக்குறுகிறது. ஓர் ஊரைச் சோதித்துவிட்டு அடுத்த ஊரை அப்படியே விடுவது தர்மமா? பயன் உறுதி என்று தெரிந்திருந்தால் அது அதர்மமே. ஆனால் அன்று அது எவருக்கும் தெரியாது. தெரியாததைத் தெரிந்ததுபோல் வழங்குவதையும் நாம் பல வேளைகளில் கருணை என்றே எண்ணிவிடுகிறோம்!

2005-இல் முடிவு வெளிவந்தது. புகையிலை, மதுப் பழக்கம் உடையோரிடையே வாய்ப்புற்றுநோய் மரணம் 34 விழுக்காடு குறைந்திருந்தது. அனைவரையும் சேர்த்துப் பார்த்தாலோ 21 விழுக்காடுதான். அது தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம். இரண்டையும் ஆய்வாளர்கள் மறைக்காமல் எழுதினர்.

பின்னர், 2006 முதல் 2009 வரை, விடப்பட்ட 6 தொகுதிகளிலும் ஒருமுறை சோதனை நடத்தப்பட்டது. இதனால் ஒப்பீட்டின் கூர்மை மழுங்கும். ஆயினும் இந்தக் குறையை நான் மனமாரப் பாராட்டுவேன்.

மருத்துவ ஆய்வுகளின் தரத்தை எடைபோடும் காக்ரேன் என்னும் பன்னாட்டு அமைப்பு, 2013-இல் இவ்வாய்வில் சாய்வு நேர்ந்திருக்கும் அபாயம் மிகுதி என்று மதிப்பிட்டது. ஆய்வாளர்கள் பொய்யுரைத்தனர் என்பது இதன் பொருளன்று. மருந்தாய்வில் போலி மாத்திரை கொடுத்து, யார் எப்பிரிவினர் என்பதை மறைக்கலாம். வாயைத் திறந்து காட்டியவரிடம் எப்படி மறைப்பது? தொகுதிகள் 13 மட்டுமே என்னும்போது, இரு பக்கமும் எல்லா வகையிலும் சமமாக இருந்தன என்று உறுதி கூறவும் இயலாது. நல்ல நோக்கம் இக்கேள்விகளுக்கு விடையாகாது. நம்மவர் செய்த ஆய்வு என்ற பற்றும் விடையாகாது.

15 ஆண்டுக் கணக்கில், பழக்கம் உடையோரிடையே கண்ட பயன் 24 விழுக்காடாகச் சுருங்கியது, ஆனால் மறையவில்லை. பாறசாலைத் திண்ணையில் வெற்றிலைச் செல்லத்தைத் திறக்கும் முதியவரிடம், வாயை ஒருமுறை காட்டி வாருங்கள் என்று சொல்ல அந்த 24 போதுமானது.