தொட்டில் வைத்த அரசும் பிள்ளையை விட்ட வீடும்

1992ஆம் ஆண்டு சேலத்தில் தமிழக அரசு தொட்டில்களை வைத்தது. பெண் பிறந்துவிட்டதே என்று கொன்றுவிடாதீர்கள், இங்கே போட்டுவிட்டுப் போங்கள், யார் எவர் என்று கேட்கமாட்டோம், வளர்ப்பது எங்கள் பொறுப்பு என்பதே அந்தத் திட்டம் சொன்ன சேதி. அன்று நடைமுறையில் இருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 317ஆம் பிரிவோ வேறொன்று சொன்னது. 12 வயதுக்குட்பட்ட பிள்ளையைக் கைவிடும் பெற்றோருக்கு ஏழு ஆண்டு வரை சிறை. குற்றம் என்று சட்டப் புத்தகத்தில் எழுதிவைத்திருந்த காரியத்துக்கு அரசே வாசலில் இடம் ஒதுக்கிக் கொடுத்தது. இது சரியா? முப்பது ஆண்டுகள் கடந்தும் இந்தக் கேள்விக்குச் சுலபமான விடை கிடையாது.

ஊர் அறிந்த ரகசியம் ஒன்று அதற்குமுன் அம்பலமாகியிருந்தது. 1986இல் 'இந்தியா டுடே' உசிலம்பட்டி வட்டாரத்துப் பெண் சிசுக்கொலையை எழுத, நாடே திரும்பிப் பார்த்தது. கள்ளிப்பால், தொண்டையில் நெல்மணி, முகத்தில் ஈரத்துணி எனக் கொல்லும் வழிகள் கிராமத்துப் பெண்களுக்குத் தெரிந்திருந்தன. 1994இல் பாரதிராஜாவின் 'கருத்தம்மா' அதைத் திரைக்குக் கொண்டுவந்தது. பழி மட்டும் ஒரே வட்டாரத்தின் மேல், ஒரே சமூகத்தின் மேல் விழுந்தது. அது நியாயமில்லை. சேலத்திலும் தர்மபுரியிலும் வேறு வேறு சாதிகளில் இதே கொலை நடந்துகொண்டிருந்தது. ஆரம்ப சுகாதார நிலையங்களின் பதிவேடுகளில் இந்தச் சாவுகள் 'சமூகக் காரணங்களால் இறப்பு' என்ற தலைப்பின்கீழ் ஏறின. எழுதிய செவிலியருக்குத் தெரியும், மேலே வாங்கிப் படித்த அதிகாரிக்கும் தெரியும்.

மூத்தது பெண்ணாக இருந்தால் பெரும்பாலும் பிழைத்தது. இரண்டாவதும் மூன்றாவதும்தான் போயின. பெண் என்றாலே வெறுப்பு என்று சொல்லி இதைக் கடந்துவிட முடியாது. வீடு கணக்குப் போட்டிருக்கிறது. மதுரைப் பக்கம் 'செய்முறை' என்பார்கள். கல்யாணத்துக்கு நகையும் ரொக்கமும் கொடுத்தால் தீராது. தலைதீபாவளிக்குச் செய்ய வேண்டும், பொங்கலுக்குச் சீர் போக வேண்டும், தலைப்பிரசவம் தாய்வீட்டுச் செலவு, பேரப்பிள்ளையின் காதுகுத்துக்குத் தாய்மாமன் தட்டெடுத்து வர வேண்டும், சம்பந்தி வீட்டில் சாவு விழுந்தால் கோடி எடுத்துக்கொண்டு போக வேண்டும். ஒரு பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீடு ஆயுள் முழுக்கக் கடன்காரனாக நிற்கும். வரதட்சணைத் தடைச் சட்டம் 1961இலேயே வந்துவிட்டது. செய்முறைக் குறைச்சலுக்காக ஊர் சிரிப்பதைத் தடுக்க அதில் பிரிவு ஏதும் இல்லை. பெண்ணால் செலவு, பையனால் வரவு என்ற இந்தக் கணக்கில் வரவு வாங்குகிறவர்கள் கொலைகாரர்களாக எங்கும் எண்ணப்படவில்லை. மகனுக்குச் சீர் கேட்ட அதே வீடுதான் மகளுக்காகப் பயந்தது.

தொட்டிலுக்கு எதிராகச் சொல்லப்படும் முதல் வாதம், அது கைவிடுவதற்குக் கொடுத்த அனுமதிச் சீட்டு என்பது. வெறும் பயம் என்று இதை ஒதுக்க முடியாது, உலகத்தில் நடந்திருக்கிறது. லண்டனில் தாமஸ் கோரம் தொடங்கிய பவுண்ட்லிங் ஹாஸ்பிடல் 1741இல் குழந்தைகளை ஏற்கத் தொடங்கியது. 1756இல் நாடாளுமன்றம் பணம் கொடுத்து, வருகிற குழந்தைகளை எல்லாம் ஏற்கவேண்டும் என்று நிபந்தனை போட்டது. வாசலில் கூடை தொங்கியது. நான்கு ஆண்டுக்குள் சுமார் 15,000 குழந்தைகள் வந்தன, தொலைதூர ஊர்களிலிருந்து கூலிக்குச் சுமந்துவந்து போட்டவர்களும் உண்டு. அவற்றில் பாதிக்கும் மேல் செத்துப்போயின. 1760இல் அந்த ஏற்பாட்டை நிறுத்தினார்கள். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் 2008இல் நடந்தது விசித்திரம். கைவிடப்படும் பிள்ளைகளைக் காக்க வந்த சட்டத்தில் வயது வரம்பு எழுதாமல் விட்டார்கள். பெற்றோர்கள் பதின்ம வயதுப் பிள்ளைகளைக் கொண்டுவந்து மருத்துவமனையில் விட்டுவிட்டுப் போனார்கள். சில மாதங்களிலேயே சட்டசபை கூடித் திருத்தியது.

ஆக, கதவு திறந்திருந்தால் வேறு காரணக்காரர்களும் வருவார்கள். சேலத்துத் தொட்டிலில் விழுந்த குழந்தைகள் அத்தனையும் கள்ளிப்பாலிலிருந்து தப்பியவை என்று யாராலும் சத்தியம் செய்ய முடியாது. எப்படியாவது வளர்த்திருக்கக்கூடிய வீடுகளிலிருந்தும் சில வந்திருக்கலாம். இருந்தாலும் இரண்டு தவறுகளும் ஒரே எடையுள்ளவை அல்ல. வீட்டிலேயே வளர்ந்திருக்க வேண்டிய குழந்தை தொட்டிலுக்கு வந்தால் அது ஒரு பெரிய இழப்பு, ஆனால் அதற்குப் பரிகாரம் தேட நாள் இருக்கிறது. தொட்டில் இல்லாததால் புறக்கடையில் புதைந்த குழந்தைக்கு அந்த வாய்ப்பே கிடையாது. அந்த அளவில் அரசு செய்தது சரிதான்.

யாரென்று கேட்கமாட்டோம் என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. கேட்காமல் இருப்பது தாயைக் காப்பாற்றுவதற்காக என்று சொல்லப்பட்டது. பெற்று மூன்றாம் நாள், எழுந்து நிற்கவும் தெம்பில்லாத ஒரு பெண் தானாகவா முடிவெடுத்தாள்? மாமியார் சொல்லியிருக்கலாம், புருஷன் வாயே திறக்காமல் இருந்து சொல்லியிருக்கலாம். யாரும் கேள்வி கேட்காத இடத்தில் அவளை நெருக்கியவர்களுக்கே முதல் பாதுகாப்பு. சிசுக்கொலை வழக்குகள் நீதிமன்றம் போனபோதும் கூண்டில் நின்றவர்களில் தாய்மாரும் பாட்டிமாரும் அதிகம். அப்பன்கள் அனேகமாக வயலுக்குப் போயிருந்தார்கள்.

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் வேறு வழியைக் காட்டுகிறது. பிள்ளையை வளர்க்க முடியாத பெற்றோர் குழந்தைகள் நலக்குழுவின் முன் வந்து ஒப்படைக்கலாம். அவர்களுக்கு ஆலோசனை தரவேண்டும், மனம் மாறினால் திரும்பப் பெற்றுக்கொள்ள இரண்டு மாத அவகாசமும் உண்டு. தொட்டிலில் இருளோடு இருளாக விட்டுவிட்டுப் போனவளிடம் இந்த அவகாசத்தைப் பற்றிச் சொல்ல ஆளே இல்லை. கேள்வி கேட்டால் ஒருத்தியும் வரமாட்டாள் என்பது அதிகாரிகளின் பதில். அதிலும் உண்மை இருக்கிறது. விசாரணை என்றால் போலீஸ் என்றுதான் அந்தப் பெண்களுக்குத் தெரியும். அப்படியானால் மாற்ற வேண்டியது விசாரிக்கும் விதத்தை. பிரசவ வார்டிலேயே, குழந்தை இன்னும் தாயின் பக்கத்தில் படுத்திருக்கும்போதே, வீட்டுக்காரர்களை வெளியே நிறுத்திவிட்டு அவளிடம் பேச ஒரு ஆள் வேண்டும். தொட்டில் செய்வதைவிட அதற்குச் செலவு கூடுதல், விளம்பரம் குறைவு.

1991 கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 849 பெண் குழந்தைகள் இருந்தார்கள். தொட்டில் வந்து ஒன்பது ஆண்டுக்குப் பிறகு, 2001இல், அது 851. நடுவில் ஸ்கேன் வந்துவிட்டது. பிறந்தபின் கொல்லத் தயங்கிய கை, பிறக்குமுன் பணம் கட்டத் தயங்கவில்லை. படித்த, வசதியான வீடுகளுக்கு அதுவே தோதாகவும் இருந்தது. கருவின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடைசெய்யும் சட்டம் 1994இல் இயற்றப்பட்டது. தொட்டில் கிராமத்து ஏழையைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் நகரத்துப் பணக்காரர் வேறு வழியாகப் போய்விட்டார்.

தர்மபுரியில் 1990களின் இறுதியில் வேறு ஒரு முயற்சி நடந்தது. கலைஜாதா குழுக்கள் ஊர் ஊராகப் போய்ப் பாட்டாலும் நாடகத்தாலும் பெண் சிசுக்கொலையைத் தெருவில் போட்டு உடைத்தன. தெருவில் நடந்ததால் ஆண்களும் உட்கார்ந்து பார்க்க வேண்டியிருந்தது, மாமனாரும் சம்பந்தியும் ஒரே கூட்டத்தில். சிசுக்கொலைகள் குறைந்ததாக அதை ஆராய்ந்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். தொட்டில் ஒரு வீட்டோடு ரகசியமாகப் பேசியது, நாடகம் ஊரோடு பேசியது.

முதல் தொட்டில்களில் விழுந்த குழந்தைகளுக்கு இப்போது முப்பது வயதுக்கு மேல். தத்தெடுக்கப்பட்டுப் போனவர்களில் யாராவது தன்னைப் பெற்றவர் யார் என்று தேடி வந்தால் கொடுப்பதற்குப் பெயர் பெரும்பாலும் பதிவாகியிருக்காது. பிள்ளைக்குத் தன் பெற்றோரை அறியும் உரிமை உண்டு என்று 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை சொல்கிறது. இதைக் காட்டித்தான் ஐ.நா.வின் குழந்தை உரிமைக் குழு 2011இல் செக் குடியரசிடம் அங்குள்ள, குழந்தைகளை விட்டுச்செல்லும் பெட்டிகளை நிறுத்தச் சொன்னது. உயிர் பெரிதா, அடையாளம் பெரிதா என்று மட்டும் கேட்டால் விடை சுலபம். பெற்றவள் பயமில்லாமல் தன் பெயரை ஒரு உறையில் போட்டு ஒட்டிக்கொடுக்கும் ஏற்பாடு சேலத்தில் ஏன் இல்லாமல் போனது என்று கேட்டால், பதில் சொல்ல வேண்டியவர்கள் கோட்டையில் இருக்கிறார்கள்.