மென்மயிர் ஆடையும் தொலைவின் அறமும்

ஆடை மனிதனின் உடலைக் காப்பதோடு அமைவதில்லை. சமூகத்தில் அவன் வகிக்கும் தரத்தையும் அறிவிக்கின்றது. விலங்குகளின் மென்மயிர்த் தோல் இதற்குத் தக்க சான்றாகும். கடுங்குளிர் நிலங்களில் உயிர்காக்கும் போர்வையாயிருந்த அது, ஐரோப்பிய அரண்மனைகளில் உயர்குடியின் சின்னமாயிற்று. எத்தரத்தினர் எவ்வகை மென்மயிரை அணியலாம் என வரையறுத்து 1363இல் இங்கிலாந்து சட்டமே இயற்றியது. தேவை அலங்காரமாகும்பொழுது, அதன்பொருட்டு நிகழும் கொலைக்குப் பொறுப்பாளர் யாவர்? பொறி வைப்பவனா, விற்பவனா, அணிபவனா?

நீரோடைகளில் மரங்களை வீழ்த்தி அணைகட்டி வாழ்வது பீவர் என்னும் விலங்கு. அதன் அடிமயிர் ஒன்றோடொன்று இறுகப் பிணையுந் தன்மையது. ஆதலின் தொப்பி செய்வோர் அதனைப் பெரிதும் விரும்பினர். ஐரோப்பாவில் பீவர் அருகிப்போகவே, வணிகரின் நாட்டம் வட அமெரிக்காவின்பாற் சென்றது. 1670இல் இரண்டாம் சார்ள்ஸ் மன்னன் ஹட்சன் குடாக் கொம்பனிக்குப் பட்டயம் வழங்கி, அக்குடாவிற் கலக்கும் ஆறுகளின் வடிநிலம் முழுவதிலும் தனிவாணிப உரிமையை அளித்தான். அந்நிலத்தில் வாழ்ந்த மக்களின் இசைவு கேட்கப்படவில்லை. காலப்போக்கில் அங்கு பீவர்த் தோலே நாணயத்தின் இடத்தைப் பெற்றது; துப்பாக்கியும் கம்பளியும் இத்தனை தோல் என விலை மதிக்கப்பட்டன.

இலண்டன் கடையில் தொப்பி வாங்கியவன் பொறியிற் சிக்கிய விலங்கைக் கண்டானல்லன். மயிரைப் பதப்படுத்துகையில் எழுந்த பாதரச ஆவியால் நரம்பு தளர்ந்த தொழிலாளியையும் கண்டானல்லன். தொழிற்பிரிவு உழைப்பை மட்டுமன்றிக் குற்றத்தையும் கூறுபோடுகின்றது. ஒவ்வொருவர் பங்கும் சிறிதாகி, ஈற்றில் எவருமே குற்றவாளி அல்லர் என்னும் மயக்கம் தோன்றுகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியளவில் பட்டுத்தொப்பி நாகரிகமாக, பீவர்த் தொப்பியின் மோகம் தணிந்தது. இதனைக் கருணையின் வெற்றி எனக் கொள்ளவியலாது. பீவரின் இடத்திற்குப் பட்டுப்புழு வந்தது, அவ்வளவே.

கருணை வெளிப்படையாகக் களம் புகுந்தது இருபதாம் நூற்றாண்டிலேயாம். பனிப்பாறைகளில் சீல் குட்டிகள் அடித்துக் கொல்லப்படும் காட்சி ஐரோப்பிய மக்களின் உள்ளத்தை உலுக்கியது. 1983இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் அக்குட்டிகளின் தோலை இறக்குமதி செய்வதைத் தடைசெய்தது. வட துருவத்தையண்டி வாழும் இனுயிற் மக்களின் மரபுவழி வேட்டைக்கு அத்தடையில் விலக்கும் அளிக்கப்பட்டது. ஆயினும் சீல் தோல் என்ற பெயரே வெறுக்கப்பட்டமையால் சந்தை முழுவதும் சரிந்தது. அம்மக்கள் பெரும்பாலும் வேட்டையாடியது வளர்ந்த வேறினச் சீல்களையே; இறைச்சியை உண்டு, தோலை விற்றே வேட்டைக்கு வேண்டிய எரிபொருளையும் தோட்டாக்களையும் வாங்கினர். ஏட்டிலிருந்த விலக்கு அவர்தம் வருவாயைக் காக்கவில்லை.

விலங்கின் வேதனை மெய்யானதே. அதனைப் பொருட்படுத்தாத அறம் குறையுடையதே என ஒருவர் கூறலாம். உண்மை. இனுயிற் வேடனின் வறுமை சீலின் நோவைக் குறைப்பதில்லை. ஆயினும் பொறுப்பு யாவர்க்கும் ஒரே அளவினதன்று. மாற்றுவழி மிகுதியாக உடையவனுக்கே பொறுப்பும் மிகுதி. குளிரைத் தாங்க ஆயிரம் ஆடைகளுள் ஒன்றைத் தெரியக்கூடிய நகரவாசி மென்மயிரைத் துறத்தல் எளிது. வேட்டையன்றிப் பிழைப்பில்லாதவன் அதனைத் துறத்தல் வாழ்வையே துறத்தலாகும்.

தொப்பியை விரும்பிய நகரத்திற்கும் சீலுக்கு இரங்கிய நகரத்திற்கும் ஒரு பொதுக்குறை உண்டு. இரண்டும் தொலைவிலிருந்தே நோக்கின. அதனால் இடையில் நின்ற மனிதனை இரண்டுமே காணவில்லை. முன்னையதன் ஆசைக்கு அவன் கருவியானான். பின்னையதன் இரக்கத்திற்கு விலை செலுத்தினான். ஒரு பொருளை வாங்குமுன் அது யாருடைய நோவில் விளைந்தது என வினவுதல் கடன். அதனைக் கண்டிக்குமுன் அக்கண்டனத்தின் சுமை யார் தோளில் இறங்கும் என வினவுதலும் அதே கடனின் மறுபாதியாகும்.